பிரைட்லைன் ஸ்டேஷன் பக்கத்தில் வீடா, புறநகரில் வீடும் காருமா?

மயாமி டவுன்டவுனில் வேலை கிடைத்து வருகிறவர்களுக்கு வீடு தேடும்போது இரண்டு விதமான யோசனை கிடைக்கும். இங்கே பல வருடமாக இருப்பவர்கள், "வெஸ்டன், கோரல் ஸ்பிரிங்ஸ் பக்கம் பாருங்க. ஸ்கூல் நல்லா இருக்கும், நம்ம ஆளுங்களும் இருக்காங்க" என்பார்கள். கல்யாணமாகாத இளைஞர்கள், "பிரைட்லைன் ஸ்டேஷன் பக்கத்துல அபார்ட்மென்ட் எடுங்க. கார் தொல்லையே இல்லை" என்பார்கள். பிரைட்லைன் என்பது மயாமியிலிருந்து ஆர்லாண்டோ வரை ஓடும் ரயில். இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அவரவர் தன் நிலைமையை வைத்துச் சொல்கிறார். இது பற்றிக் கேட்டு எழுதும் வாசகர்கள் கூடிக்கொண்டே போவதால், எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

## முதலில், இந்த ரயில் யாருடையது?

பிரைட்லைன் அரசு ரயில் இல்லை. வீட்டு வாடகையை முடிவு செய்ய இது எதற்கு என்று தோன்றலாம். என் கணிப்பில் மற்ற எல்லாக் கணக்கையும்விட முக்கியமானது இதுதான்.

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் ரயிலும் மனை வியாபாரமும் சேர்ந்தே வளர்ந்தவை. ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய்க் கம்பெனியில் சம்பாதித்த ஹென்றி ஃபிளாக்லர், தண்டவாளத்தைத் தெற்கு நோக்கிப் போட்டுக்கொண்டே வந்து, போன ஊரிலெல்லாம் ஹோட்டல் கட்டினார். 1894-ல் பாம் பீச்சில் ராயல் பாயின்சியானா. 1896-ல் ரயில் மயாமிக்கு வந்தது, அடுத்த வருடமே அங்கே ராயல் பாம் ஹோட்டல். ரயில் ஆட்களைக் கொண்டுவரும். ஹோட்டலும் நிலமும் லாபம் தரும். இருபதாம் நூற்றாண்டில் கார் வந்து இந்தக் கணக்கைக் கலைத்தது. 1968-ல் அந்தப் பாதையில் பயணிகள் வண்டி நின்றது. அதன்பிறகு ஐம்பது வருடம் கூட்ஸ் மட்டும்தான்.

ஃபிளாக்லர் கம்பெனியின் நிலங்களுக்கு வாரிசான ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் இண்டஸ்ட்ரீஸ், ஃபோர்ட்ரெஸ் முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தபோது, 2012-ல் அதே கணக்கை மறுபடி எடுத்தது. 2018 ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேலுக்கும் வெஸ்ட் பாம் பீச்சுக்கும் இடையே பிரைட்லைன் ஓடியது. மே மாதம் மயாமி சேர்ந்தது. 2022 டிசம்பரில் அவெஞ்சுராவும் போகா ரட்டோனும், 2023 செப்டம்பரில் ஆர்லாண்டோ விமான நிலையமும். மொத்தம் 235 மைல். மயாமியில் ஸ்டேஷனோடு சேர்த்தே அலுவலகக் கோபுரங்களையும், பார்க்-லைன் என்ற பெயரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வாடகை வீடுகளையும் கட்டினார்கள். வெஸ்ட் பாம் பீச் ஸ்டேஷன் பக்கத்திலும் ஒரு பார்க்-லைன் உண்டு.

ஜப்பானில் இதே வேலையைக் கோபயாஷி இச்சிசோ 1910-லேயே செய்தார். ஒசாகாவிலிருந்து ரயில் விட்டார், வழியில் வீட்டைத் தவணை முறையில் விற்றார், 1929-ல் உமேடா ஸ்டேஷனிலேயே டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்தார். அவர் தொடங்கிய ஹான்க்யூவில் இன்றும் ரயில், நிலம், கடை எல்லாம் ஒரே குழுமத்துக்குள் இருக்கின்றன. ரயிலில் வரவு குறைந்தால் நிலம் ஈடுகட்டும், ஏனென்றால் கல்லா ஒன்று.

ஃப்ளோரிடாவில் கல்லா பிரிந்துவிட்டது. அந்தத் தண்டவாளத்தில் கூட்ஸ் ஓட்டும் கம்பெனி 2017-ல் ஒரு மெக்சிகோ குழுமத்திடம் போனது. மயாமி ஸ்டேஷனின் இரண்டு அலுவலகக் கோபுரங்கள் 2019-ல் ஷோரன்ஸ்டைன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. கடன்பத்திரம் விற்றுத் திரட்டிய பெருங்கடன் மட்டும் ரயிலின் தலையில் நின்றது. அதை டிக்கெட் காசில்தான் அடைக்க வேண்டும். 2024-ல் சுமார் 27 லட்சம் பேர் ஏறியும் அந்த வருட நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. 2025 ஜூலையில் ஒரு பகுதிப் பத்திரங்களுக்கான வட்டியைத் தள்ளிப்போட்டார்கள்.

வீடு தேடுகிறவருக்கு இதில் என்ன? ஸ்டேஷனைக் காட்டி உங்களிடம் வாடகை வாங்குகிறவரும், உங்களுக்கு டிக்கெட் விற்கிறவரும் ஒரே ஆள் என்று நம்பி இறங்காதீர்கள். டிக்கெட் விலை ஏறினால் வீட்டுக்காரர் வாடகையை இறக்கித் தரப்போவதில்லை.

## எதையெல்லாம் வைத்து அளப்பது

நான் பார்ப்பது நான்கு.

வாசலிலிருந்து மேஜை வரை ஆகும் நேரம். ரயில் நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஸ்டேஷனுக்குப் போவது, பையை ஸ்கேனரில் போடுவது, புறப்படச் சில நிமிடம் முன்பே கேட் மூடிவிடும் என்பதால் முன்கூட்டியே நிற்பது, இறங்கி நடப்பது எல்லாம் சேர்ந்ததுதான் நேரம்.

வாடகையும் பயணமும் சேர்ந்த மாதச் செலவு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் வடக்கே இருக்கும் ஊரெல்லாம் மலிவாகத்தான் தெரியும்.

வாரக் கடைசி வாழ்க்கை. பள்ளி, கோயில், மளிகை, பிள்ளைகளின் பாட்டு வகுப்பு.

ரயில் கம்பெனி மனம் மாறினால் உங்களுக்கு என்ன மிஞ்சும். இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். வெறும் பயத்தில் சொல்லவில்லை. 2020 மார்ச் 25 அன்று கொரோனாவுக்காக நிறுத்திய ரயிலை 2021 நவம்பரில்தான் மறுபடி எடுத்தார்கள். அந்த ஒன்றரை வருடத்துக்கும் மேலான காலத்தில் மயாமி, வெஸ்ட் பாம் பீச் பகுதியில் ஓடும் அரசு ரயிலான ட்ரை-ரெயில் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாவது ஓடியது. இரண்டாவது சம்பவம் 2024 ஜூனில் நடந்தது. அதுவரை 399 டாலருக்கு மாதம் 40 பயணம் தரும் பாஸ் இருந்தது, ஒரு தடவைக்குப் பத்து டாலர். அதை நிறுத்தினார்கள். பதிலாக வந்த பத்துப் பயணத் தொகுப்பில் ஒரு தடவைக்கு முப்பது டாலருக்கு மேல் ஆனது. ஆர்லாண்டோ வரை போகிறவர் அதே இருக்கைக்குக் கூடுதலாகக் கொடுக்கும்போது, கடனில் இருக்கும் கம்பெனி அதை ஃபோர்ட் லாடர்டேல்காரருக்குப் பத்து டாலருக்கு ஏன் தரவேண்டும்? வியாபாரமாகப் பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பாஸை நம்பி வடக்கே வருடாந்திர ஒப்பந்தம் போட்டவர்களின் கணக்கு ஒரே நாளில் பொய்யானது. அதன்பின் சலுகைகள் மாறி மாறி வருகின்றன. இன்றைக்கு இருப்பதை வைத்து இரண்டு வருடக் கணக்குப் போடாதீர்கள்.

## வழி 1: மயாமி சென்ட்ரல் அருகிலேயே வாடகை

மயாமி சென்ட்ரல் என்பது மயாமியின் பிரைட்லைன் ஸ்டேஷன். பிளாட்பாரம் இங்கே தெருவுக்கு மேலே, பல மாடி உயரத்தில். கீழே கடைகள், பக்கத்தில் கோபுரங்கள். டவுன்டவுனிலோ பக்கத்து பிரிக்கலிலோ அலுவலகம் என்றால் நடந்தோ, காசே வாங்காத மெட்ரோமூவர் குட்டி ரயிலிலோ போய்விடலாம். பக்கத்திலேயே மெட்ரோரெயில். 2024 ஜனவரியிலிருந்து ட்ரை-ரெயிலும் இந்த ஸ்டேஷனுக்கு வருகிறது. (அது பல வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது. பிளாட்பாரத்தைக் கட்டி முடித்த பிறகுதான் ட்ரை-ரெயில் பெட்டி அதில் உரசும் என்று கண்டுபிடித்தார்கள். தனியார் வேகம், அரசுச் சோம்பல் என்று பேசுகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.)

இந்த வீட்டின் பெரிய பலம், பிரைட்லைன் நாளையே நின்றாலும் உங்கள் வேலைநாள் மாறாது என்பது. ஆக, ஸ்டேஷன் பக்கத்து வீடு அதிகம் பொருந்துவது தினமும் ரயில் ஏறத் தேவையில்லாதவருக்குத்தான். மாதம் ஒருமுறை ஆர்லாண்டோ கிளையன்ட்டைப் பார்க்கவோ, வெஸ்ட் பாம் பீச்சுக்கோ போனால் (ஆர்லாண்டோவுக்கு மூன்றரை மணி நேரம்) லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்.

வாடகைதான் கடிக்கும். இரண்டு படுக்கையறை என்றால் மாதம் 3,000 டாலருக்கு மேல் என்பது இங்கே சாதாரணம். விளம்பரத்தில் வராதது பார்க்கிங்; கார் வைத்திருந்தால் அதற்குத் தனி வாடகை. "ரயில் பக்கத்துல இருக்கே, காரை வித்துடலாம்" என்று நினைத்து வருகிறவர்கள் பலர் முதல் தீபாவளிக்குள் கார் வாங்கிவிடுகிறார்கள். காரணம் சவுத்வெஸ்ட் ராஞ்சஸில் இருக்கும் சிவ-விஷ்ணு கோயில். டவுன்டவுனிலிருந்து இருபது மைலுக்கும் மேல், பக்கத்தில் எந்த ரயிலும் கிடையாது. இந்திய மளிகைக் கடைகளும் பெரும்பாலும் அந்தப் புறநகர்ப் பக்கம்தான்.

வாடகைக்குப் பதில் பழைய காண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றைச் சொந்தமாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2021 ஜூனில் சர்ஃப்சைடில் சாம்ப்லெய்ன் டவர்ஸ் சவுத் என்ற அடுக்குமாடி இடிந்து விழுந்தபின், பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டட ஆய்வும் பழுதுபார்ப்பு நிதியும் சட்டப்படி கட்டாயமாகிவிட்டன. விலை குறைவாகத் தெரியும் காண்டோவுக்குப் பின்னால் பல ஆயிரம் டாலர் சிறப்பு வசூல் காத்திருக்கலாம். காண்டோ சங்கத்தின் கையிருப்பு நிதிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

## வழி 2: வடக்கே ஸ்டேஷன் அருகில் வீடு, தினமும் ரயில்

அதிகம் பேரை இழுப்பதும், அதிகம் பேருக்குக் கணக்கு உதைப்பதும் இதுதான். வெஸ்ட் பாம் பீச்சிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ கொஞ்சம் குறைந்த வாடகைக்குப் புது அபார்ட்மென்ட், கீழே இறங்கினால் ரயில், மயாமியில் வேலை. கேட்க நன்றாக இருக்கிறது.

நேரத்தில் குறை சொல்ல முடியாது. ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து மயாமிக்கு அரைமணி நேரத்தை ஒட்டி; வெஸ்ட் பாம் பீச்சிலிருந்து ஒரு மணிக்குச் சற்று மேல். காலை எட்டு மணிக்கு ஐ-95 நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பதை நினைத்தால் சொர்க்கம். காசில்தான் சிக்கல். டிக்கெட் விலை விமானத்தைப்போல நேரத்துக்கு ஏற்ப மாறும். எல்லோரும் போகும் நேரத்தில் ஏறும். மாதம் 20 வேலைநாள் என்றால் 40 பயணம். ஒரு தடவைக்கு 25 டாலர் என்று வைத்தாலே 1,000 டாலர். இருவரும் மயாமியில் வேலை பார்த்தால் 2,000. வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடுகிறது. வாரம் இரண்டு நாள்தான் அலுவலகம் என்றால் இதே கணக்கு 400 டாலரில் நிற்கும். அப்போது இந்த வழி நன்றாகவே ஓடும்.

ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. வெஸ்ட் பாம் பீச்சில் பிரைட்லைன் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்திலேயே ட்ரை-ரெயில் ஸ்டேஷன் இருக்கிறது. ஒன்று விலை ஏறினால் மற்றொன்று கைகொடுக்கும், நேரம் மட்டும் கூடும். இந்த வழியில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் ஊர் இதுதான். போகா ரட்டோனில் பிரைட்லைன் டவுன்டவுன் நூலகத்தை ஒட்டி, ட்ரை-ரெயிலோ மேற்கே யமாட்டோ ரோட்டில். நடந்து மாற முடியாது. ஃபோர்ட் லாடர்டேலிலும் இரண்டும் தள்ளித் தள்ளித்தான். அவெஞ்சுராவில் மால் இருக்கிறது, வேறு ரயில் இல்லை. மயாமிக்கும் அவெஞ்சுராவுக்கும் இடையே அதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயில் விடும் திட்டம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. தரகர்கள் அதை வந்துவிட்ட மாதிரியே சொல்வார்கள். வந்தபிறகு அதற்கான வாடகையைக் கொடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றைக் குடும்பமாக வருகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். மயாமி ஸ்டேஷனைத் தவிர மற்ற ஊர்களில் தண்டவாளம் பெரும்பாலும் தரைமட்டத்தில், ஊரின் நடுவே போகிறது. வழியெல்லாம் லெவல் கிராசிங். வெஸ்ட் பாம் பீச்சுக்குத் தெற்கே மணிக்கு 79 மைல் வரை போவார்கள். சேவை தொடங்கியதிலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இந்த ரயிலில் அடிபட்டு இறந்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 28 அன்று டெல்ரே பீச்சில், கூட்ஸ் போய்விட்டதே என்று கேட்டைச் சுற்றிக்கொண்டு போன தீயணைப்பு வண்டி மீதே மோதியது. இரட்டைப் பாதையில் ஒரு வண்டி கடந்ததும் எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும் என்பதைப் பெரியவர்களே மறக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கு நடந்து போகும் வழியில் கிராசிங் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடச் சொல்வேன்.

## வழி 3: புறநகரில் வீடு, கார்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலோர் வாழ்வதே இப்படித்தான். வெஸ்டன், பிளாண்டேஷன், சன்ரைஸ், கோரல் ஸ்பிரிங்ஸ். பள்ளிக்காக வருகிறவர்கள், கோயிலும் மளிகையும் நண்பர்களும் பக்கம், அம்மா அப்பா ஊரிலிருந்து வந்தால் காலாற நடக்க இடம்.

விலை எதில் என்றால், வெஸ்டனிலிருந்து மயாமி டவுன்டவுனுக்கு முப்பது மைல். நெரிசலில் ஒரு மணி நேரம் என்பது நல்ல நாள். எக்ஸ்பிரஸ் லேனில் போனால் சுங்கம் கட்டும் சன்பாஸ் தனியாகக் கரையும். குடும்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கார் வேண்டும், ஃப்ளோரிடாவில் கார் இன்சூரன்ஸ் நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. வீடு வாங்கினால் புயலுக்கான இன்சூரன்ஸும் குடியிருப்போர் சங்கக் கட்டணமும் சேரும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் துணைக்கு லைசென்ஸ் இல்லையென்றால், அழகான அந்தப் புல்வெளி வீடு சிறைபோல ஆகிவிடும். இதை ஆண்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

இதில் ஒரு நடுவழி இருக்கிறது. பிளாண்டேஷன், சன்ரைஸ் பக்கம் வீடு. ஐ-95-ஐ ஒட்டிய ட்ரை-ரெயில் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயில். பெரும்பாலான ட்ரை-ரெயில் ஸ்டேஷன்களில் பார்க்கிங் இலவசம், டிக்கெட்டும் பத்து டாலருக்குள். மயாமி சென்ட்ரலுக்கு நேரடி வண்டி குறைவு, பல வண்டிகளுக்கு வழியில் மெட்ரோரெயில் மாற வேண்டும். அழகும் வேகமும் இல்லாத வண்டிதான். ஆனால் 1989-லிருந்து ஓடுகிறது. அரசு ரயில் என்பதால் அழியாவரம் பெற்றது என்றும் சொல்லவில்லை. 2025-ல் மாநில அரசு அதற்கான நிதியைப் பெரிதாக வெட்டியபின் அதன் எதிர்காலமும் விவாதத்தில்தான் இருக்கிறது.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| | மயாமி சென்ட்ரல் அருகே | வடக்கே ஸ்டேஷன் அருகே | புறநகர் + கார் |
|---|---|---|---|
| அலுவலகம் போகும் நேரம் | நடை தூரம் | 45 நிமிடம் முதல் ஒன்றரை மணி | ஒரு மணிக்கு மேல், நாளுக்கு நாள் மாறும் |
| கனமான செலவு | வாடகை | டிக்கெட் | கார், இன்சூரன்ஸ், சுங்கம் |
| கண்ணில் படாத செலவு | கார் பார்க்கிங் | ஸ்டேஷனில் பார்க்கிங், கடைசி மைல் | இரண்டாவது கார், சங்கக் கட்டணம் |
| பிரைட்லைன் நின்றால் | பெரிய பாதிப்பு இல்லை | வெஸ்ட் பாம் பீச் தப்பிக்கும், மற்றவை சிரமம் | பாதிப்பே இல்லை |
| பள்ளி, கோயில், மளிகை | கார் வேண்டும் | கார் வேண்டும் | பக்கத்தில் |
| சத்தம் | டவுன்டவுன் சத்தம் | இரவு கூட்ஸ், கிராசிங் மணி | அமைதி |

தனியாள் அல்லது குழந்தையில்லாத தம்பதி, அலுவலகம் டவுன்டவுனில், வாரம் நான்கைந்து நாள் போக வேண்டும் என்றால் முதல் வழி. ஒருவருக்கு மயாமியில் வாரம் இரண்டு நாள் வேலை, மற்றவருக்கு வெஸ்ட் பாம் பீச்சில் வேலை என்றால் இரண்டாவது வழியைவிடச் சிறந்தது இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் மூன்றாவது வழி, கூடவே ட்ரை-ரெயில். இந்தக் கடைசி விஷயத்தில் ஊரிலுள்ள மூத்தவர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

ஆர்லாண்டோவில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்கிறவர்களும் உண்டு. அங்கே ஸ்டேஷன் விமான நிலையத்தின் டெர்மினல் சி பக்கத்தில். சுற்றிக் குடியிருக்க ஊர் கிடையாது. விமானத்துக்குப் போவதுபோல எப்போதாவது போய்வர நல்ல வண்டி, அவ்வளவுதான். அதை வைத்து வீட்டை முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது வழியில் மனம் நிற்கிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். பிரைட்லைன் ஆப்பில் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி வண்டிக்கும் மாலை ஆறு மணி வண்டிக்கும் சலுகையில்லாத விலை என்னவென்று பாருங்கள். அதை மாதத்தில் நீங்கள் அலுவலகம் போகும் நாட்களால் பெருக்கி வாடகையோடு கூட்டி, மயாமி சென்ட்ரல் பக்கத்து வாடகையோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தக் கட்டடத்துக்குப் போய், உங்களுக்குக் காட்டிய வீடு இருக்கும் பக்கமாக நின்று ஒரு கூட்ஸ் வண்டி போகும்வரை காத்திருங்கள். வீட்டைக் காட்டுகிறவர்கள் உங்களைப் பகலில்தான் கூப்பிடுவார்கள்.